அடித்துவிட்ட விடை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்று காலைப் பேப்பரில் படம் போட்டிருக்கிறார்கள். அருவிக்குக் கீழே ஒரே தலைகள். பார்த்ததுமே எனக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. என் வயதுக்காரர்களான உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தக் காலம் போல வருமா என்று நம்மில் யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது, அதனால் நான் அதைச் சொல்ல வரவில்லை. ஒரு சீசனில் எங்கள் குடும்பத்தில் ஒரு கணக்கு தப்பாகப் போயிற்று. உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதைச் சொல்லிவிட்டுப் படுக்கலாம் என்று பார்க்கிறேன்.

கணக்கு என்றால் கொடுக்கல் வாங்கல் இல்லை, பள்ளிக்கூடத்துக் கணக்கு. என் பேத்தி அதை இருபடிச் சமன்பாடு என்கிறாள். எங்கள் நாளில் குவாட்ராடிக் ஈக்குவேஷன். பெயரைச் சொல்லுவதற்குள் நாக்கு ஒரு குட்டிக்கரணம் போட்டுவிடும். கையிலிருந்து கிளம்பிய கல் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். உங்களில் பாதிப் பேர் அதைப் படித்து, பரீட்சை எழுதி, மறந்திருப்பீர்கள். எனக்கு மறக்க வசதிப்படவில்லை.

என் அப்பா தென்காசியில் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். ஜிப்பாப் பையில் எப்போதும் சாக்குக்கட்டி கிடக்கும். அம்மா அந்த ஜிப்பாவைத் துவைகல்லில் அடித்தால் முதலில் வெள்ளையாகத் தண்ணீர் ஓடும். யாருக்காகவும் ஒரு மார்க் கூட்டிப் போடமாட்டார் என்று ஊரில் அவருக்குப் பெயர். அதனாலேயே, பாகம் பிரித்த வயலில் வரப்பு எங்கே வரும், வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எத்தனை நாழிகை என்று எந்தத் தகராறு வந்தாலும் வாத்தியாரைக் கூப்பிடு என்பார்கள். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். "ஆளு பொய் சொல்லும், கணக்கு பொய் சொல்லாது" என்பது அவர் வசனம். வீட்டில் நாங்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தோம்.

குவாட்ராடிக் கணக்கில் இரண்டு விடை வரும் என்பது உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். புத்தகத்துக் கணக்குகளில் பெரும்பாலும் ஒன்று மைனஸில் வந்து நிற்கும். வயலின் நீளம் என்ன என்று கேட்டால் இருபது கஜம் என்று ஒரு விடை, மைனஸ் பன்னிரண்டு கஜம் என்று இன்னொரு விடை. அப்பா வகுப்பில் கேட்பாராம்: "மைனஸ் பன்னிரண்டு கஜத்துல வயலு எந்த ஊர்ல இருக்குலே? அங்கன போயி நீ நாத்து நடுவியா?" பையன்கள் சிரிப்பார்கள். "ரெண்டு பேர் வருவாங்க. ஒருத்தன் வீட்டுக்காரன், ஒருத்தன் வழி தப்பி வந்தவன். வழி தப்பி வந்தவன வெளிய அனுப்பு" என்று சொல்லிக்கொண்டே ஒரு விடையின் மேல் குறுக்காகக் கோடு இழுப்பார். அவரிடம் படித்த பையன்கள் எல்லோரும் அப்படியே இழுப்பார்கள். இருபது வருஷமாக இழுத்து இழுத்து அவர் கைக்கே அது பழகிவிட்டது.

மாமா என்று நான் சொல்லப்போவது அம்மாவின் தம்பியை. பெற்றவர்கள் இருவரும் காலராவில் போனபிறகு, புதுசாகக் கல்யாணமாகி வந்த அம்மா அந்தக் குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் தென்காசிக்கு வந்தாளாம். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சோறு போட்டார், பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஆனால் சம்சாரத்தின் தம்பிக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வைராக்கியம். மூன்றாம் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், மாமாவை ஒன்றிரண்டு மார்க்கில் பெயிலாக்கியதே அப்பாதான். அதோடு மாமா படிப்பை விட்டுவிட்டார். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. நன்றாகச் சிரிப்பார், நன்றாகச் சாப்பிடுவார், சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விடுவார்.

எனக்குப் பதின்மூன்று வயது, மாமாவுக்கு இருபது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, அரிசிக்கு வரிசை. அந்த ஆனி மாதம் ஒரு பண்ணையார் குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு வந்து இறங்கினார். நெல் வயல்களும் ஒரு அரிசி மில்லும் உடையவர். அவர் மகன் கணக்கில் இரண்டு தடவை பெயில். சனி, ஞாயிறு வந்து அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அப்பாவை அமர்த்தினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜட்கா வண்டியில் நாங்கள் நாலு பேரும் தென்காசியிலிருந்து போவோம். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

மாமா எதற்கு வந்தார் என்றால், பண்ணையார் கண்ணில் பட. "ஆவணி பிறக்கட்டும். பையன மில்லுல மேஸ்திரியாப் போட்டுருவோம்" என்று பண்ணையார் வாயாலேயே சொல்லியிருந்தார். அம்மா அந்த ஆவணியை நினைத்துத்தான் அந்த வருஷம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "அவன் ஒரு நெலைக்கு வந்துட்டா எனக்கு வேற என்ன வேணும்" என்று, துணி துவைக்கும்போதும் சொல்லுவாள், தலை சீவிவிடும்போதும் சொல்லுவாள்.

சீசன் என்றால் உங்களுக்கு அருவி ஞாபகம் வரும். எனக்கு ஈரத்துணி நாற்றம்தான் ஞாபகம் வருகிறது. மலையிலிருந்து சாரல் இறங்கி இறங்கி எதுவுமே காயாது. பாயில் பூஞ்சை பூக்கும், தீப்பெட்டி நமத்துப்போகும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவர்களின் வேட்டியெல்லாம் பிசுபிசுவென்று கொடியில் தொங்கும். மாமா என்னை ஒருநாள் ஆரஞ்சு நிறச் சேலை கட்டிய பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் அருவியில் தள்ளிவிட்டார். முதுகில் யாரோ உலக்கையால் இடிக்கிற மாதிரி இருந்தது. அழுதுகொண்டே வெளியே வந்து, உடனே மறுபடியும் உள்ளே போனேன். மங்குஸ்தான் பழத்தை முதன்முதலாகத் தின்றதும் அப்போதுதான். அதன் தோலை உள்ளங்கையில் தேய்த்துக் கருஞ்சிவப்பாக்கிக்கொண்டு மருதாணி என்று அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. பண்ணையார் வீட்டுத் துணியையும் சேர்த்து அவளே உலர்த்திக்கொண்டிருந்தாள், யாரும் சொல்லாமலே.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்பும். பங்களாவுக்குப் பின்பக்கம் தனியாக ஒரு சமையல்கட்டு. அதன் மேல் மொட்டைமாடி. மாடியை ஒட்டி ஒரு பலாமரம். சமையல்கட்டுக்கு ஒரு பக்கம், கிட்டத்திலேயே, விறகுக் கொட்டகை. மறுபக்கம் தோட்டத்துக்குள் நன்றாகத் தள்ளி ஒரு கிணறு. அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பளிச்சென்று வெயில் அடித்தது. அந்த வெயிலைப் பார்த்து வீடே கூத்தாடியது. பண்ணையாரின் அக்கா, ஐம்பது வயதுக்காரி, நாலைந்து ஈரச் சேலைகளை அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். விரித்துவிட்டு நிமிருவதற்குள் பலாமரத்திலிருந்து குரங்குகள் இறங்கிவிட்டன. ஒன்று பட்டுச் சேலையைப் பிடித்து இழுக்க, இவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அலறினார். தகர டின்னைத் தட்டிக்கொண்டு நான் ஓடினேன். விறகுக் கொட்டகையிலிருந்து மாமா கல்லை எடுத்து எறிந்தார். கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பண்ணையார் மகனும் எறிந்தான். குரங்குகள் ஓடிவிட்டன. அந்த அம்மாள் மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

உச்சி நெற்றியில், முடி தொடங்குகிற இடத்தில் நல்ல காயம். டாக்டர் வந்து தையல் போட்டார். கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும் என்றார். அதைக் கேட்டதும் பண்ணையாருக்கு முகம் மாறிவிட்டது.

"யாரு எறிஞ்ச கல்லுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். "என் மகன்னா செவிட்டுல ரெண்டு போட்டு அத்தை கால்ல விழ வைப்பேன். வேற ஆளுன்னா அது வேற பேச்சு."

அவர் மகன் வாயைத் திறக்கவில்லை. மாமா உடனே சொன்னார். "முதலாளி, என் கல்லு இல்ல. என் கல்லு பலாமரத்துல பட்டு அங்கனயே விழுந்துட்டு. நான் பாத்தேன்."

"எல்லாக் களவாணியும் அப்பிடித்தான் சொல்லுவான்" என்றார் பண்ணையார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "வாத்தியாரே, நீருதான் ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுத் தீர்ப்பு சொல்லுத ஆளாச்சே. இதுக்கு ஒரு கணக்குப் போடும், பாப்போம்."

அவர் பாதி கேலியாகத்தான் சொன்னார் என்று இப்போது எனக்குப் படுகிறது. அப்பாவுக்கு அந்தக் கேலி தெரியவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வாரம் பையனுக்கு அவர் நடத்திக்கொண்டிருந்ததே எறிகிற கல்லின் கணக்குதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

முதலில் அடிபட்ட அம்மாளிடம் போனார். "கல்லு எங்கன இருந்து வந்துச்சும்மா?"

"எனக்கென்ன தெரியும்? சேலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். தலைக்கு மேல இருந்து தொப்புன்னு விழுந்துச்சு" என்றார் அவர், கட்டுப் போட்ட தலையோடு படுத்துக்கொண்டே.

அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பிறகு முன்பக்கத்துத் திறந்த வெளியில் பண்ணையார் மகனை ஒரு கல்லை எறியச் சொன்னார். கயிறு பிடித்து அளந்தார்கள். கை உயரத்துக்குக் கழிவு போட்டு எண்பது அடி என்றார். மாமாவையும் எறியச் சொன்னார். மாமா வேண்டாவெறுப்பாக எறிந்தார். அதுவும் ஏறக்குறைய அங்கேயே விழுந்தது. "ரெண்டு கையும் ஒரே வலுதான். அப்ப ஒரே கணக்கு" என்றார் அப்பா. அம்மாளின் நெற்றி, எறிகிற கைக்கு மேலே பதினைந்து அடி உயரத்தில் இருந்ததாக ஏணி வைத்துப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் பின்னாலேயே போனோம். சமையல்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார்.

வராந்தாவின் சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து சாக்குக்கட்டியை எடுத்தார். எக்ஸ் என்பது எறிந்தவன் நின்ற தூரம். எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் எண்பது எக்ஸ், ப்ளஸ் ஆயிரத்து இருநூறு. மாமா அவருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அத்தான், நான் சொல்லுதத ஒரு நிமிஷம் கேளுங்க. மரத்துல பட்ட எடத்தக் காட்டுதேன். பால் வடிஞ்சுக்கிட்டு இருக்கு, வாங்க."

"இருலே, கணக்கு ஓடுது."

"ரெண்டு எட்டுதான் அத்தான்."

அப்பா நிமிராமலே இடதுகையைத் தூக்கி அவரை நிறுத்தினார். தரையில் இரண்டு விடைகள் வந்திருந்தன. இருபது. அறுபது. நான் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்குக்கட்டி ஒரு கணம்கூட நிற்கவில்லை. அறுபதின் மேல் குறுக்காகக் கோடு விழுந்தது.

"இருபது அடி" என்றார் அப்பா. "இருபது அடி தூரத்துல நின்னவன் எறிஞ்ச கல்லு."

கயிற்றைக் கொண்டுபோய் அம்மாள் நின்ற இடத்துக்கு நேர் கீழேயிருந்து விறகுக் கொட்டகை வரை பிடித்தார்கள். இருபது அடி, பிசகாமல். சமையல்காரர் வாயில் விரலை வைத்தார். கிணற்றுப் பக்கம் கயிற்றைக் கொண்டுபோக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விடைதான் கிடைத்துவிட்டதே.

"போயி அந்தம்மா கால்ல விழு" என்றார் அப்பா மாமாவிடம்.

"செய்யாததுக்கு நான் எதுக்கு விழணும்?"

"கணக்கு சொல்லுதுலே."

"கணக்கு எறிஞ்சிருந்தா கணக்கே போயி விழட்டும்."

பண்ணையார் முன்னால், சமையல்காரர் முன்னால், பெயிலான பையன் முன்னால் மாமா அப்படிச் சொன்னார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "விழுந்துட்டு வா. இல்லன்னா என் வீட்டுப் படி ஏறாத" என்றார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கொடியில் போட வைத்திருந்த ஈரவேட்டியைப் பிழிந்த கையோடு நின்றாள். அவள் என்ன சொல்லியிருக்க முடியும், சொல்லுங்கள். மாமா கொடியிலிருந்து தன் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். அதற்குள் சாரல் மறுபடியும் இறங்கிவிட்டது. அம்மா கேட் வரை ஓடினாள். செங்கோட்டை ரோட்டில் அவர் திரும்பிப் பார்க்காமல் போவது தெரிந்தது.

இரண்டு நாளில் வந்துவிடுவான் என்றார் அப்பா. புளியறை வழியாக மலை தாண்டி மலையாளத்துப் பக்கம் போயிருப்பான், தேயிலை எஸ்டேட்டில் நாலு நாள் அட்டைக்கடி பட்டால் தானாக வருவான் என்றார்கள் தெருவில். ஆவணியும் வந்தது, மில்லில் வேறு யாரோ மேஸ்திரியானார்கள். ஐப்பசியில்தான், பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில் அவரைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் சோறு போடட்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதற்கு மேல் பேசுவதில்லை. அழவும் இல்லை. யுத்தச் செய்தியை யாராவது உரக்கப் படித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பழிபாவத்துக்கு அஞ்சிச் சொந்த மச்சினன் என்றுகூடப் பார்க்காமல் நியாயம் சொன்ன மனுஷன் என்று ஊரில் அப்பாவுக்கு மரியாதை இன்னும் கூடியது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவர் திண்டாடியதை நாங்கள் மட்டும்தான் பார்த்தோம். சாப்பிடும்போது பக்கத்து இடத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளுவார்.

அடுத்து வந்த பங்குனியில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் குவாட்ராடிக் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சர், எப்போதும் தலைவலிக்காரர், கரும்பலகையில் ஒரு வில் மாதிரிக் கோடு வரைந்தார். கல் இங்கே கிளம்பி இப்படி ஏறி இப்படி இறங்கும். இந்த உயரத்தில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கும்? கணக்கைப் போட்டேன். இரண்டு விடை. என் கை தானாக ஒன்றின் மேல் கோடு போட்டது. வாத்தியார் மகள் இல்லையா.

டீச்சர் என் சிலேட்டைப் பார்த்தார். "இதை ஏன் அடிச்ச?"

"ஒண்ண அடிக்கணும்லா டீச்சர்."

"ரெண்டுமே ப்ளஸ்தானே. ஏறும்போது ஒரு தடவை அந்த உயரத்தைத் தொடுது. இறங்கும்போது இன்னொரு தடவை தொடுது. ரெண்டும் நடக்குது. நீ எதுக்கு ஒண்ணைக் கொல்லணும்?" என்று சொல்லிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

எனக்கு அந்த வில்லையே பார்க்கத் தோன்றியது. ஏறும்போது பட்டால் கல் கீழேயிருந்து வரும். மோவாயில் படும், மூக்கில் படும். இறங்கும்போது பட்டால்தான் மேலேயிருந்து வரும். தலைக்கு மேல் இருந்து தொப்பென்று விழுந்தது என்று அந்த அம்மாள் சொன்னாரே. உச்சி நெற்றியில்தானே காயம். அடித்துவிட்ட அறுபது எங்கே நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. கிணற்றடியில்.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே கேட்டேன்.

"அப்பா, ரெண்டு விடையும் ப்ளஸ்ல வந்தா எதை அடிக்கணும்?"

"பொருந்தாதத."

"எது பொருந்தாதுன்னு எப்பிடித் தெரியும்? ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணுன்னு டீச்சர் சொல்லுதாங்க. குற்றாலத்துல அந்தம்மா மேல இருந்து விழுந்துச்சுன்னுதானப்பா சொன்னாங்க?"

அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது. பிறகு தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் ஒரு வில் வரைந்தார். ஒரு முனையில் இருபது என்று எழுதினார். மறுபக்கம் அறுபது என்று எழுதினார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் காலம், தண்ணீர் உடனே காய்ந்துவிட்டது. மறுபடியும் நனைத்து மறுபடியும் எழுதினார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "அதுல என்னட்டி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"மாமா எறியலம்மா" என்றேன்.

அம்மா ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். "போயி அவனக் கூட்டிட்டு வாங்க."

"எங்கன இருக்கான்னு தெரியாதே."

"போகச் சொல்ல மட்டும் தெரிஞ்சுதுல்லா."

மறுநாள் காலையில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனார். சீசன் இல்லாத குற்றாலத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பாறையில் ஒரு நூல் மாதிரித் தண்ணீர் இறங்குகிறது, கடைகள் எல்லாம் சாத்திக் கிடக்கின்றன, குரங்குகள்கூடப் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன. பங்களாக் காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். நான் சமையல்கட்டுச் சுவரில் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மறுமுனையோடு கிணற்றைப் பார்த்து நடந்தார். கயிறு விறைத்தது. அறுபதடிக் கயிறு சரியாகக் கிணற்றடியில் போய் முடிந்தது. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கயிற்றை விடச் சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவர் ஏன் அறுபதை அடித்தார்? எனக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் விடை வரவில்லை. கை பழக்கம் என்று சில நாள் நினைப்பேன். மில் வைத்திருப்பவர் மகனுக்கு எதிராக அந்தக் கை எழும்பவில்லை என்று சில நாள் நினைப்பேன். அப்படி நினைத்தால் அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்காது. மச்சினனைக் காப்பாற்றினார் என்ற பேச்சு வரக் கூடாது என்று பயந்து, அந்தப் பயத்திலேயே அவனைத் தள்ளிவிட்டார் என்பதுதான் எனக்கு அதிகம் நம்பத் தோன்றுகிறது. நல்லவர் என்று பெயரெடுத்தவர்களோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு இது புரியும்.

பண்ணையாரைப் போய்ப் பார்த்து உண்மையைச் சொன்னாராம். "போன வருஷத்துக் கல்லுக்கு இப்ப என்ன வாத்தியாரே? அதான் பையன் கணக்குல பாஸ் பண்ணிட்டான்லா" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினாராம். அதற்குப் பிறகு அப்பா யார் வயலுக்கும் வரப்புக்கும் கணக்குப் போடப் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம், "எனக்குக் கணக்கு சரியா வராதுய்யா" என்பார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

மாமாவுக்குத் தகவல் சொல்ல வழி தேடினார். வீரகேரளம்புதூரிலிருந்து லீவில் வந்த ஒரு சிப்பாய், வடக்கே ஏதோ முகாமில் அவரோடு இருந்ததாகச் சொன்னார். "யுத்தம் முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வரச் சொல்லும். அக்கா காத்துக்கிட்டு இருக்கான்னு சொல்லும்" என்று அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றதை நானே நேரில் சொல்லிக்கொள்ளுகிறேன், அது ஆள்மூலம் சொல்லுகிற காரியமில்லை என்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர் வருஷக்கணக்காகத் தயார் செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். குளிக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பது கேட்கும்.

யுத்தம் முடிந்து, இன்னும் பல மாதம் கழித்துத்தான், கார்டு போட்டுவிட்டு மாமா வந்தார். காலை வண்டிக்கு அப்பாவும் நானும் தென்காசி ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா வரவில்லை, சமைக்க வேண்டும் என்றாள். அப்பாவுக்கு அதற்குள் தலை முழுக்க நரைத்துவிட்டது. வண்டியிலிருந்து காக்கிக் கோட்டும் தோளில் ஒரு மூட்டையுமாக மெலிந்த ஒருவர் இறங்கினார். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். சிரிப்பை வைத்துத்தான் மாமா என்று கண்டுபிடித்தேன், அதுவும் பழைய அளவுக்கு இல்லை. என் தலையில் கையை வைத்து, "என்னட்டி, இம்புட்டு வளந்துட்ட" என்றார்.

அப்பா அவரை வீட்டுக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை. அங்கேயே பிளாட்பாரத்து பெஞ்சில் உட்காரவைத்தார். பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்துக் கல்தரையில் குந்தி, வில்லை வரைந்தார். எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் எண்பது எக்ஸ். ஏறும்போது இருபது, இறங்கும்போது அறுபது. "ரெண்டு விடை மாப்ளே. ரெண்டும் சரியான விடை. நான் ஒண்ண அடிச்சுட்டேன். அந்தம்மா மேல இருந்து விழுந்துச்சுன்னு சொன்னத நான் யோசிக்கல. கயிறு பிடிச்சுப் பாத்துட்டேன். கல்லு கிணத்தடியில இருந்துதான் வந்திருக்கு. உன் கல்லு இல்ல." சொல்லச் சொல்ல அவருக்கு மூச்சு வாங்கியது. போர்ட்டர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மாமா கடைசி வரை, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், தரையில் இருந்த கணக்கையே பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு குனிந்து அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா அத்தான்" என்றார். "நீங்க கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திய."